மேல்வீட்டில் வேலை

மின்தூக்கிக்குள் ஒட்டியிருக்கிறார்கள்:
பதினோராம் மாடி, புதுப்பிப்பு வேலை.
தொடங்கும் நாள். முடியும் நாள்.
சிரமத்திற்கு வருந்துகிறோம்.

முடியும் நாளை முன்கூட்டியே
இப்படி ஒட்டிவிடுவது எவ்வளவு மரியாதை.
எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து நிமிடக் காணொளி.
பாசிர் பாஞ்சாங்கில் இறங்கும் பெட்டிகளுக்கு
பதினாறு வருடம் பத்திரம் சரிபார்த்தவள்
மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்தேன்,
மூடியில் நிஹாலா ஒட்டிய பூனையோடு.
அதை உரித்திருக்கலாம்.

ஏழு மாதம்.
நூற்று நாற்பத்திரண்டு விண்ணப்பம் வரை
கணக்கு வைத்திருந்தேன்.
பிறகு விட்டுவிட்டேன், நரையை விட்டதுபோல.
பதில்கள் அதிகாலை மூன்று பத்துக்கு வருகின்றன.
வருந்துகிறார்களாம்.
அந்நேரத்தில் யார் உட்கார்ந்து வருந்துவது?

நேர்காணலெல்லாம் காப்பறையில்தான்.
குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள
செம்பவாங் வீட்டோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்த அறை.
எங்களுக்கு அதில் அரிசி மூட்டை, பயணப்பெட்டி,
நோன்புக்கஞ்சிப் பானை, உடைந்த மின்விசிறி.
இரும்புக் கதவைச் சாத்தினால் வைஃபை வராது.
திறந்தால் மேல்வீட்டு வேலை முழுதும் உள்ளே வரும்.
ஒரு சாண் திறந்து
செருப்பை முட்டுக்கொடுத்து உட்காருவேன்.

பெரும்பாலும் எதிரே ஆள் கிடையாது.
திரையில் என் முகம், அதன் மேல் தொண்ணூறு வினாடி.
உங்கள் பலவீனம் ஒன்றைக் கூறுங்கள்.
எண்பத்தொன்பது. எண்பத்தெட்டு.
அரிசி மூட்டையைப் பார்க்கக் கூடாது.
கண் எங்கே போகிறதென்று
இயந்திரம் குறித்துக்கொள்ளுமாம், யாரோ சொன்னார்கள்.

ரஹ்மத் இரவெல்லாம் டாக்சி ஓட்டிவிட்டுப் பகலில் படுப்பார்.
சுவரைத் துளைக்கும் சத்தத்தில் அசையாதவர்
என் நேர்காணல் ஆங்கிலம் கேட்டதும் புரளுவார்.
முடிந்ததும், கண் திறக்காமல்,
"கெடச்சிருச்சா?"
நான் உலை வைக்கப் போய்விடுவேன்.

போன வாரம் மின்தூக்கியில்
புருவமெல்லாம் சிமெண்டாக ஒரு தம்பி,
தள்ளுவண்டி நிறையத் தரை ஓடுகள்.
அறந்தாங்கிப் பக்கமாம்.
"லீவா அக்கா?"
எதிர்வீட்டுத் திருமதி சோவிடம்
வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
இவனிடம் ஏனோ, ஏழாம் மாடி தாண்டுவதற்குள்,
எல்லாம் வந்துவிட்டது.
"புதன்கெழமை மூணு மணிக்கு ஒண்ணு இருக்கு.
இது மனுசங்க பேசுறது."
சத்தத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அவன்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டான்:
புதன், மூணு.

புதன்.
திரையில் இருவர். ஒருத்தி தண்ணீர் குடித்தாள்,
தொண்டை ஏறி இறங்கியது,
அதைப் பார்க்கவே நன்றாக இருந்தது.
மேல்வீடு நின்றது.
பாதித் துளையில் எடுத்துவிட்டதுபோல.
என் குரல் எனக்குக் கேட்டது. கொஞ்சம் கரகரப்பு.
"இந்த இடைவெளி..." என்று மற்றவர் இழுத்தார்.
படிப்பு, குடும்பம் என்று மனப்பாடம் செய்திருந்தேன்.
"வேலை தேடினேன்" என்றேன்.

அந்த அமைதிக்கு ரஹ்மத் எழுந்துவிட்டார்.
கைலியைப் பிடித்தபடி வந்து பார்த்தார்.
செருப்பு நழுவி, கதவு தன்பாட்டில் சாத்திக்கொண்டிருக்க,
திரையில் அவள் முகம் கட்டம் கட்டமாக உடையத் தொடங்கியது.
இடுக்கில் காலை வைத்தார்.
அப்படியே நின்றார், இருபத்தைந்து நிமிடம்,
கொட்டாவியை விழுங்கிக்கொண்டு.
முடிந்த பிறகும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று நாற்பதுக்கு மேலே மறுபடி தொடங்கியது.

அவர்களிடமிருந்து இன்னும் வரவில்லை.
மின்தூக்கியில் முடியும் நாளை
யாரோ பேனாவால் அடித்துவிட்டு
ஒரு நாள் தள்ளி எழுதியிருக்கிறார்கள்.